விசேஷத்துக்கு எத்தனை இலை சொல்வது? முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒரு கணக்கு

வீட்டில் ஒரு விசேஷம் என்றால் நாள் குறிக்க ஆள் இருக்கிறார், பந்தல் போட ஆள் இருக்கிறார், பத்திரிகை வாசகத்தைத் திருத்தவே நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் "எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்லலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு எண் வரும். அம்மா ஒன்று சொல்வார், மாமனார் அதைவிட ஐம்பது கூட்டிச் சொல்வார், சமையல் மாஸ்டர் "குறைஞ்சா அசிங்கம் சார், இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கலாம்" என்பார். எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்தில் நான் அதிகம் திண்டாடியது இந்த ஓர் எண்ணுக்காகத்தான். நாலைந்து மாஸ்டர்களிடமும், விசேஷம் நடத்திக் களைத்த சொந்தக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தேற்றியதை இங்கே எழுதுகிறேன். 50 பேரிலிருந்து 300 பேர் வரை வருகிற வீட்டு விசேஷங்களுக்கு இது சரியாக வரும். ஆயிரம் பேர் கல்யாணம் என்றால் அது வேறு உலகம்.

ஒரே ஒரு விஷயம் முதலிலேயே. சாப்பாடு மலைபோல் மிஞ்சுவதற்குக் காரணம் யாரோ ஒருவர் தப்பாக எண்ணியது அல்ல, எல்லோரும் தனித்தனியாகக் கொஞ்சம் கூட்டுவதுதான். வரப்போவது 100 பேர் என்று வையுங்கள். நீங்கள் பத்து சதவீதம் கூட்டி 110 என்கிறீர்கள். அப்பா அதற்கு மேல் இருபது சதவீதம் போட்டு 132 ஆக்குகிறார். மாஸ்டர் தன் பங்குக்குப் பத்து சதவீதம் சேர்த்துச் சமைக்கிறார். அடுப்பில் ஏறுவது 145 பேர் சாப்பாடு. இதில் யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் 45 பேர் சோறு வீண். ஆகவே "கூடுதல்" என்பதை ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, கடைசியில் சேர்க்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். கீழே வருவதெல்லாம் இதைச் செய்கிற வழிதான்.

1. பத்திரிகையை எண்ணாதீர்கள், தலையை எண்ணுங்கள்

ஒரு நோட்டை எடுங்கள், அல்லது அலைபேசியிலேயே ஒரு ஷீட் போடுங்கள். பத்திரிகை கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. பக்கத்தில் மூன்று கட்டம்: காலை, மதியம், இரவு. அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர், எந்த வேளைக்கு வருவார்கள் என்று உங்களுக்குத் தோன்றுகிற எண்ணை அதில் போடுங்கள். "200 பத்திரிகை அடிச்சோம், வீட்டுக்கு மூணு பேர், ஆக 600" என்ற பெருக்கல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம்.

வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கிறது. நேரில் போய், தட்டில் வைத்து, "குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்லி அழைத்த உறவினர் பெரும்பாலும் குடும்பத்தோடுதான் வருவார். அலுவலக நண்பர் தனியாக வருவார், அல்லது ஏழு பேர் ஒரே காரில் வந்து இறங்குவார்கள். வாட்ஸ்அப்பில் பத்திரிகைப் படம் மட்டும் அனுப்பிய ஆட்களில் பாதிக்கு மேல் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, காலை டிபன் சாப்பிட்டு, மொய் வைத்துவிட்டுப் போவார். ஊரிலிருந்து வேன் வைத்து வருகிறவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாக எழுதுங்கள். அவர்களுக்கு முதல் நாள் இரவும், சில சமயம் மறுநாள் காலையும் உங்கள் பொறுப்பு. இந்த இரண்டு வேளையைத்தான் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பத்து நாள் முன்பு ஒருமுறை எல்லோருக்கும் போன் போடுங்கள். "வர்றீங்களா?" என்று கேட்டால் "கண்டிப்பா" என்றுதான் பதில் வரும். நம் ஊரில் அழைத்தவரிடம் வரவில்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அதனால் வேறு மாதிரி கேளுங்கள்: "காலையிலேயே வந்துடுவீங்களா, இல்ல மதியம் சாப்பாட்டுக்கா? எத்தனை பேருக்கு இடம் போட்டு வைக்கட்டும்?" இப்படிக் கேட்டால் உண்மை வெளியே வரும். "பார்க்கலாம்ப்பா, அன்னைக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு" என்றால் அந்த வீட்டுக்கு ஒன்று போடுங்கள், பூஜ்யம் வேண்டாம்.

2. நாளையும் நேரத்தையும் வைத்துக் கழியுங்கள்

தை, வைகாசி, ஆவணி மாதங்களின் வளர்பிறை முகூர்த்த நாளில் ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று பத்திரிகை வந்திருக்கும். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று பிரிந்து போவார்கள். பிள்ளைகள் எங்கும் வர மாட்டார்கள். வேலை நாள் என்றால் காலை வந்து தலையைக் காட்டிவிட்டு ஓடுபவர்கள் அதிகம், மதியம் கூட்டம் வற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தலைகீழ்.

கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முகூர்த்தம் பெரும்பாலும் விடிகாலை நாலரை ஆறுக்குள் வரும். அந்த நேரத்தில் நெருங்கிய சொந்தம் மட்டும்தான் இருக்கும், அவர்களுக்கு வேண்டியது காபி. ஏழரையிலிருந்து பத்து வரைதான் உண்மையான கூட்டம், அது டிபன் கூட்டம். மதியத்துக்கு அதில் பாதிகூட இருக்காது. ஆனால் பலர் காலைக்கும் மதியத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். மதிய இலைதான் விலை அதிகம் என்பதைக் கவனியுங்கள். காலைக்கு 150, மதியத்துக்கு 70 என்று பிரித்துச் சொல்வதில் எந்த அசிங்கமும் இல்லை.

அசைவ விருந்து என்றால் நாட்காட்டியை இன்னொரு முறை பாருங்கள். புரட்டாசி முழுக்க, கார்த்திகையிலிருந்து தைப் பொங்கல் வரை மாலை போட்டிருப்பவர்கள், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம். காதுகுத்துக்குக் கிடா வெட்டும் குடும்பங்கள் நாளைப் பார்த்துத்தான் வைப்பார்கள். பிறந்தநாள், வளைகாப்பு என்று வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் சைவத்துக்குத் தனியாக ஒரு பங்கு சொல்லியே ஆக வேண்டும். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் பத்தில் ஒருவருக்காவது சைவம் வையுங்கள். சைவப் பாத்திரமும் கரண்டியும் தனி, அடுக்கும் மேசையும் தனி.

3. விருந்தாளி அல்லாத இலைகள்

இது ஒரு பெரிய ஓட்டை. மாஸ்டர், கை ஆட்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவும் அம்மாக்கள், நாதஸ்வரம் மேளம், போட்டோ வீடியோ ஆட்கள், பந்தல்காரர், ஐயர் ஹோமம் முடித்துவிட்டுச் சாப்பிடுவாரா எடுத்துப்போவாரா என்பது, வேன் டிரைவர்கள், வாட்ச்மேன், வீடு கட்டிய மேஸ்திரியும் அவருடைய ஆட்களும். சின்ன விசேஷத்திலேயே இது 20, 25 தொடும். இதை எண்ணாமல் விட்டால் கடைசிப் பந்தியில் குழம்பு தண்ணீராக வரும். கான்ட்ராக்ட் என்றால் அவருடைய ஆட்களின் சாப்பாடு இலைக் கணக்கில் சேருமா சேராதா என்று முன்பே கேளுங்கள். சேராது என்பதுதான் பொது வழக்கம், ஆனால் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், எடுப்புச் சாப்பாடு. வர முடியாத பாட்டிக்கு, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு, பள்ளிக்கூடம் போயிருக்கும் பிள்ளைக்கு என்று அடுக்குத் தூக்கோடு வருவார்கள். தப்பே இல்லை, ஆனால் ஓர் அடுக்கு என்பது சாதாரணமாக இரண்டு இலைக்குச் சமம்.

குழந்தைகள்: ஐந்து வயதுக்குள் எண்ண வேண்டாம், பத்து வயது வரை அரை இலை. சில கான்ட்ராக்டர்கள் இலை போட்டாலே முழு இலை என்பார்கள், இதையும் பேசி முடியுங்கள்.

4. எந்த முறையில் சமையல் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பணம் வேறு வேறு இடத்தில் ஒழுகும்.

கூலிச் சமையல்: மாஸ்டருக்குக் கூலி, சாமான் நம்முடையது. செலவு குறைவு, அலைச்சல் அதிகம். மாஸ்டர் எழுதித் தரும் சாமான் லிஸ்ட் தாராளமாகவே இருக்கும். அவரையும் குறை சொல்ல முடியாது, சாப்பாடு குறைந்தால் பெயர் கெடுவது அவருக்குத்தான். அதனால் மளிகைக் கடைக்காரரிடம் "பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கணும்" என்று பேசிவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். முந்திரி, நெய், ஏலக்காய், எண்ணெய் டின் எல்லாம் ஓர் அறையில் இருக்கட்டும், சாவி நம்பகமான சித்தப்பா ஒருவரிடம் இருக்கட்டும். கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான் அவர் வேலை. கேஸ் வீட்டு சிலிண்டரில் சமாளிக்க நினைக்காதீர்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான், மாஸ்டரோ பாத்திர வாடகைக்காரரோ ஏற்பாடு செய்வார்கள்.

இலைக் கணக்கு: கான்ட்ராக்டர் எல்லாம் கொண்டுவந்து, ஓர் இலைக்கு இவ்வளவு என்று வாங்குவார். முதல்முறை நடத்துபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இதில் கவனிக்க வேண்டியது "குறைந்தபட்ச இலை". 150 பேர் என்று எதிர்பார்த்தால் 150 என்று சொல்லாதீர்கள். "130 நிச்சயம், 150 வரைக்கும் தாங்கணும், 130-க்கு மேல எத்தனை இலை விழுதோ அதுக்கு மட்டும் காசு" என்று பேசுங்கள். இலை 250 ரூபாய் என்று வைத்தால் இந்த ஒரு வாக்கியம் 5,000 ரூபாயைக் காப்பாற்றும். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. பத்து சதவீதம் வரை தாங்குகிறேன் என்று சொல்பவர்கள் நிறைய, அது போதும்.

கிலோ கணக்கு: பிரியாணி. அதற்குத் தனியாகக் கீழே.

5. சைவச் சாப்பாடு: 100 பேருக்கு என்ன வேண்டும்

கான்ட்ராக்ட் கொடுத்தாலும் இந்த அளவுகள் தெரிந்திருப்பது நல்லது, லிஸ்ட்டைப் பார்த்தவுடன் எங்கே ஊதியிருக்கிறார்கள் என்று புரியும்.

சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டுக்கு 100 பேருக்குப் பச்சரிசியோ புழுங்கலோ 10 முதல் 12 கிலோ. கூடவே புளியோதரை, வெஜிடபிள் பிரியாணி என்று ஒரு கலந்த சாதம் இருந்தால் வெள்ளைச் சாதத்தைக் குறைக்க வேண்டும். இதை யாரும் குறைப்பதில்லை, அதனால்தான் மிஞ்சுவதில் முதல் இடம் எப்போதும் வெள்ளைச் சாதத்துக்கு. சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை முதல் மூன்று கிலோ. பொரியலுக்குக் காய் 7, 8 கிலோ, கூட்டுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. தயிர் 8 முதல் 10 லிட்டர், வெயில் காலத்தில் மேல் எண்ணிக்கை. பாயசம் தலைக்கு 100 மில்லி, ஆக 10 லிட்டர். அப்பளம் 150, ஏனென்றால் குழந்தைகள் இன்னொன்று கேட்கும், பெரியவர்கள் கேட்காமலே எடுப்பார்கள். வடை தலைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒரு பத்துப் பதினைந்து.

காலை டிபனில் இட்லி, பொங்கல், வடை, பூரியோ தோசையோ, கேசரி என்று இருந்தால் இட்லி தலைக்கு இரண்டரை போதும். பொங்கலுக்கு அரிசி 5 கிலோ. கேசரி, பொங்கல் இரண்டும் இலையில் பாதி கிடக்கும் பண்டங்கள். கரண்டியைச் சின்னதாக்கச் சொல்லுங்கள், கேட்டவர்களுக்கு மறுபடி போடட்டும். காபிக்கு ஒரு லிட்டர் பால் பத்துப் பன்னிரண்டு டம்ளர் வரும். நூறு டம்ளருக்கு 9, 10 லிட்டர் என்று வையுங்கள், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் என்றால் கொஞ்சம் தண்ணீர் தாங்கும். விடிகாலை முகூர்த்தம் என்றால் நெருங்கிய சொந்தங்கள் இரண்டு தடவை காபி குடிப்பார்கள், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலுக்கு ஒரு நாளாவது முன்பே பூத்தில் சொல்லி வைக்க வேண்டும், நாலு மணிக்குப் போய் இருபது லிட்டர் கேட்டால் கிடைக்காது.

பண்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றின் அளவும் குறைய வேண்டும். வயிறு ஒன்றுதானே. இரண்டு பொரியல் என்றால் ஒவ்வொன்றும் 7 கிலோ அல்ல, தலா 4 கிலோ. இரண்டு இனிப்பு என்றால் இரண்டும் பாதி அளவு. கான்ட்ராக்டர் "இருபத்தோரு அயிட்டம் சார்" என்று பெருமையாக நீட்டுவார். என் கருத்து, பதினொன்று போதும், அந்தக் காசில் நெய்யும் அரிசியும் நல்லதாகப் போடச் சொல்லுங்கள். விருந்து முடிந்து வீட்டுக்குப் போகும் யாரும் அயிட்டத்தை எண்ணிச் சொன்னதாக நான் கேட்டதில்லை, "ரசம் நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள்.

இலை எப்போதும் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், கட்டில் கிழிசல் இருக்கும். தண்ணீர்க்கு 20 லிட்டர் கேன் 100 பேருக்கு நாலு, கை கழுவத் தனி. மேசையில் விரிக்க பிளாஸ்டிக் தாள் வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டும் கப்பும்கூட. வெறும் பேப்பர் ரோல் கிடைக்கிறது.

6. பிரியாணி: "ஒரு கிலோ" என்றால் என்ன?

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பாய் ஒருவரிடம் "அஞ்சு கிலோ மட்டன் பிரியாணி" என்றால் ஐந்து கிலோ அரிசி, அதற்குச் சமமாகவோ ஒன்றரை மடங்காகவோ கறி. வெந்த பிறகு ஒரு கிலோ அரிசிக்கான பிரியாணி கறியோடு சேர்த்து மூன்றரை கிலோவுக்குக் குறையாது, எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். சில கடைகளில் "ஒரு கிலோ பிரியாணி" என்று விற்பது வெந்த எடை. அதை இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் அளவாகவும் சாப்பிடலாம், அவ்வளவுதான். இரண்டுக்கும் பெயர் ஒன்று, ஆனால் ஆள் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் மாறும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இல்லை, அவர் பழக்கம் அது. "அரிசி எடையா, வெந்த எடையா? அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். படிக் கணக்கில் சொல்பவர்களிடம் "உங்க படிக்கு எத்தனை கிலோ அரிசி?" என்று கேளுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

பிரியாணி மட்டும், கூட ஒரு தால்ச்சாவும் தயிர் வெங்காயமும் என்றால் கிலோ அரிசிக்கு எட்டுப் பேர். சிக்கன் 65, முட்டை, பரோட்டா, வெள்ளைச் சாதம் ரசம் எல்லாம் இருந்தால் பத்துப் பேர் தாராளம். பெண்களும் குழந்தைகளும் அதிகம் வரும் வளைகாப்பு போன்ற விசேஷத்தில் பன்னிரண்டு வரை போகும். இளவட்டங்கள் கூடும் இரவு விருந்து என்றால் ஏழு. சீரகச் சம்பா பாஸ்மதி அளவுக்கு நீண்டு பொலியாது, ஆனால் வயிற்றில் கனமாக உட்காரும், ஆள் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

கறித் துண்டுதான் சண்டை வரும் இடம். முதல் பந்திக்கு மூன்று துண்டு, கடைசிப் பந்திக்கு வெறும் குஸ்கா என்று ஆவதற்குக் காரணம் கறி குறைவு என்பதைவிட, தேக்சாவில் மேலிருந்து வழித்துப் போடுவதுதான். பக்கவாட்டில் அடிவரை கரண்டியை விட்டு எடுத்துப் போடத் தெரிந்த ஆளைப் பரிமாற நிறுத்தச் சொல்லுங்கள். மட்டன் கிலோவுக்கு இருபது துண்டு போல வெட்டினால் தலைக்கு இரண்டு மூன்று என்று கணக்குப் பார்க்க முடியும். வெட்டும் அளவையும் பேசிவிடுங்கள்.

பஃபே வைத்தால் சிக்கன் 65, கோபி 65 மாதிரி வறுவல்கள் முதல் அரை மணி நேரத்தில் பறந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொரித்துக் கொட்டாமல், மூன்று தடவையாகப் பொரிக்கச் சொல்லுங்கள். பின்னால் வருபவர்களுக்கும் கிடைக்கும், சூடாகவும் கிடைக்கும்.

7. எல்லாவற்றையும் சீட்டில் எழுதுங்கள்

தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எங்களுக்கு முதலில் பேசிய ஒருவர் இலை, தண்ணீர், வண்டி வாடகை எல்லாம் "சேர்த்துத்தான்" என்றார், எழுதித் தாருங்கள் என்றவுடன் மூன்றும் தனித்தனி விலையாக மாறின. ஒரு பக்கத் தாள் போதும். தேதி, ஒவ்வொரு வேளைக்கும் பந்தி ஆரம்பிக்கும் நேரம், பண்டங்களின் பட்டியல், எந்த அரிசி, எந்த எண்ணெய், குறைந்தபட்ச இலை, கூடுதல் இலைக்கு என்ன விலை, குழந்தை இலை எவ்வளவு, பரிமாற எத்தனை ஆள், வாழையிலை, தண்ணீர், கேஸ், வண்டி, குப்பை அள்ளுவது இதெல்லாம் யார் பொறுப்பு, எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது, முன்பணம் எவ்வளவு. ஐம்பது இலைப் பந்திக்கு ஐந்தாறு பேராவது பரிமாற வேண்டும். ஆள் குறைந்தால் சாப்பாடு இருந்தும் இலை காலியாகக் கிடக்கும், வந்தவர்கள் பார்வைக்கு அது பற்றாக்குறைதான்.

கேட்டரிங் நடத்துபவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இருக்க வேண்டும். அது 14 இலக்க எண், பில்லிலோ அட்டையிலோ அச்சடித்திருப்பார்கள், ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஜிஎஸ்டி பற்றியும் கேளுங்கள். பதிவு செய்த கேட்டரிங்காரர் என்றால் 5 சதவீதம் சேரும், மண்டப வாடகைக்கு 18 சதவீதம். "எல்லாம் உள்பட" என்று சொன்ன விலையில் இது உண்டா என்பது கடைசி நாளில் தெரிந்தால் கசக்கும். முன்பணத்தை ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் விசேஷ தேதியைப் போடுங்கள், அதுவே ரசீது. மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம், கூலிச் சமையலில் சாமானுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் போதும்.

8. எப்போது என்ன செய்வது

முகூர்த்த மாதம் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே மாஸ்டரைப் பிடித்துவிடுங்கள், அப்போது தோராயமான எண் போதும். மூன்று வாரம் முன்பு நோட்டுக் கணக்கு. பத்து நாள் முன்பு போன். மூன்று நாள் முன்பு இறுதி எண். அதற்குப் பிறகு வீட்டில் யார் வந்து "இன்னும் இருபது சொல்லிடு" என்றாலும் "சரி" என்று தலையாட்டிவிட்டு மாஸ்டரிடம் சொல்லாமல் இருங்கள். வீட்டாரில் ஒருவர் மட்டும்தான் மாஸ்டரிடம் எண் சொல்ல வேண்டும் என்று அவரிடமும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பெரியப்பா தனியாகப் போன் போட்டுக் கூட்டிவிடுவார், உங்களுக்கு பில் வரும்போதுதான் தெரியும்.

முதல் நாள் மாலை காய் வந்து இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், எடை சரிபாருங்கள். இலைக் கட்டு அன்று மாலையே வரட்டும், காலையில் தேட முடியாது.

9. கூடுதலைச் சமைக்காமல் வையுங்கள்

ஆரம்பத்தில் சொன்ன "ஒரே தடவை கூட்டுவது" இங்கேதான் வருகிறது. பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதல் தேவைதான், ஆனால் அது சமைக்காத பொருளாக இருக்கட்டும். கழுவி வைத்த அரிசி மூன்று கிலோ, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர், பொரிக்காத அப்பளம், பிரிக்காத தயிர் பாக்கெட், இட்லி மாவு ஒரு வாளி, ரவை இரண்டு கிலோ. பெரிய அடுப்பில் அரை மணி நேரத்தில் சாதம் இறங்கிவிடும், ரவை உப்புமா அதைவிடச் சீக்கிரம். கூட்டம் வராவிட்டால் அரிசியும் ரவையும் வீட்டுக்கு வந்துவிடும், மாவில் மறுநாள் தோசை.

எது நீளும், எது நீளாது என்பதும் தெரிய வேண்டும். ரசம் நீளும், மோர் நீளும். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும், அதற்குப் பதில் கொஞ்சம் பருப்பை வேகவைத்துத் தனியாக வைத்திருங்கள். பாயசம், வடை, பொரியல் நீளவே நீளாது. ஆகவே அவற்றில் மட்டும் முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் தாராளம். மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் சாப்பிட்டு முடித்ததும் மாஸ்டரோடு பாத்திரங்களைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். அடுத்த உலை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அதுதான் நேரம்.

10. இலையை எண்ணுவது

இலைக் கணக்கில் பணம் கொடுப்பதென்றால் யாராவது ஒருவர் எண்ணியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் கான்ட்ராக்டரின் ஆளோடு சேர்ந்து இலைக் கட்டுகளை எண்ணிவிட்டு, முடிவில் மீதியைக் கழிப்பது ஒரு வழி. ஆனால் கிழிந்தது, மேலே இரண்டாக விரித்தது, பாத்திரம் மூடியது எல்லாம் உங்கள் கணக்கில் விழும். நாற்காலியை எண்ணுவது இன்னும் நல்லது. ஒவ்வொரு பந்தியிலும் எல்லோரும் உட்கார்ந்து சாதம் விழுந்த பிறகு, வரிசை வரிசையாக எண்ணி "முதல் பந்தி 48, இரண்டாவது 52" என்று எழுதி, கான்ட்ராக்டரின் ஆளிடம் அந்த இடத்திலேயே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அலைபேசியில் ஒரு படமும் எடுங்கள். மொத்தமாக மாலையில் பேசினால் ஞாபகம் ஆளுக்கு ஆள் மாறும், கல்லா நேரத்தில் சண்டை வரும். இந்த வேலையை நீங்கள் செய்ய முடியாது, நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். கல்லூரி படிக்கும் தம்பி தங்கை யாரிடமாவது கொடுங்கள்.

11. மிஞ்சினால்

எவ்வளவு கணக்குப் போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சும் என்று தெரிந்த நிமிடமே பிரிக்க ஆரம்பியுங்கள், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தால் கெட்டுவிடும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட குருமா, கூட்டு, பால் பாயசம் எல்லாம் நம் ஊர் வெயிலில் சில மணி நேரம்தான், அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். சாதம், சாம்பார், பிரியாணி சூடு ஆறாமல் மூடியிருந்தால் கொடுக்கலாம். இலையில் போட்டதையோ பஃபே மேசையில் திறந்து கிடந்ததையோ கலக்காதீர்கள், பாத்திரத்திலேயே இருந்தது மட்டும்.

கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் விசேஷ வீடுகளிலிருந்து நேரே வந்து எடுத்துக்கொள்கின்றன, ராபின் ஹுட் ஆர்மி ஆட்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யார் வருகிறார்கள், குறைந்தது எத்தனை பேர் சாப்பாடு இருந்தால் வருவார்கள், இரவு எத்தனை மணி வரை வருவார்கள் என்று விசேஷத்துக்கு முன்பே கேட்டு எண்ணைச் சேமித்து வையுங்கள். அன்று போன் செய்யும்போது அவர்கள் கேட்பது நாலே நாலு: சைவமா அசைவமா, எப்போது சமைத்தது, ஏறக்குறைய எத்தனை பேருக்கு வரும், வண்டி வாசல்வரை வருமா. பாத்திரம் அவர்கள் கொண்டுவருவார்களா என்பதை நீங்கள் கேளுங்கள், ஏனென்றால் வாடகைப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தனுப்பினால் மறுநாள் பாத்திரக் கடைக்காரர் அண்டாவுக்கும் மூடிக்கும் சேர்த்து முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.